மணி அடித்த பிறகும் எரிந்த நகரம்

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது. பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனார்ட் எறிந்த பந்து, வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92–90. ஸ்காபரோவில் அக்கா வீட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினோம். பக்கத்து வீட்டிலும் கத்தினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வரை கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாத அத்தான், செற்றியில் ஏறி நின்றார்.

சத்தம் அடங்க முன்னமே மருமகள் ரிமோட்டைப் பறித்தாள். "மாமா, கேம் ஒஃப் த்ரோன்ஸ் எப்பவோ தொடங்கிட்டுது. இனி ஒருத்தரும் ஃபோனைப் பாக்கக் கூடாது. ஆராவது முடிவைச் சொல்லிப்போடுவாங்கள்."

அன்று எங்களோடு இன்னொருவரும் இருந்தார். அக்கா வீட்டுப் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த தம்பி. முப்பத்தைந்து வயது இருக்கும். வன்னியில் பிறந்து, 2009 மே வரை அங்கேயே இருந்து, பிறகு முகாம், பிறகு கொழும்பு, பிறகு கனடா. இரவு வேலை. மருமகள் அவரைப் 'பேஸ்மென்ற் அண்ணா' என்பாள். அவர் மேலே வந்தது ஆட்டம் பார்க்க. இந்தத் தொடரின் ஒரு பகுதியைக்கூட அவர் அதுவரை பார்த்ததில்லை. போக வெளிக்கிட்டவரை அக்கா மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா. இடியப்பத் தட்டோடு மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

அன்று வந்தது எட்டாவது சீசனின் ஐந்தாவது பகுதி. அதன் பெயரே 'மணிகள்'. தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஏழு சீசனாக அடிமைகளை விடுவித்துக்கொண்டு வந்த டெனேரிஸ் என்ற இளவரசி, கடைசியில் தன் குடும்பத்தின் அரியணையை மீட்கத் தலைநகருக்கு டிராகனில் வருகிறாள். பத்து லட்சம் சனம் வாழும் நகரம் என்று தொடரே ஓரிடத்தில் சொல்கிறது. நகரத்தின் மணிகள் அடித்தால் அது சரணடைந்ததற்கு அடையாளம், அதற்குப் பிறகு தாக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஆலோசகர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது. மணி அடிக்கிறது. படைவீரர்கள் வாள்களைக் கீழே போடுகிறார்கள். அவள் மதிலில் டிராகன் மேல் இருந்து ஒரு நிமிடம் பார்க்கிறாள். பிறகு எரிக்கத் தொடங்குகிறாள். அரண்மனையை மட்டுமல்ல, தெருத் தெருவாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனத்தையும். கீழே அவளுடைய படை, வாளைப் போட்டவர்களை வெட்டுகிறது.

மருமகள் "நோ, நோ" என்று கத்தினாள். அத்தான் செற்றியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

மூலையிலிருந்து அந்தத் தம்பி கேட்டார்: "மணி அடிச்சாச்சு எல்லே? பிறகேன் எரிக்கிறா?"

மருமகள் பின்கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவவின்ட தோழியைக் கண்ணுக்கு முன்னால கொண்டுபோட்டினம், இரண்டு டிராகனும் செத்துப் போச்சு, நம்பினவன் கைவிட்டிட்டான், தகப்பனுக்கும் விசர் எண்டபடியால்... அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி. அந்தச் சனம் என்ன செய்தது?" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அந்த முடிவைப் பற்றி உலகம் முழுக்க எத்தனையோ பேர் எழுதினார்கள், கத்தினார்கள், அழுதார்கள். நானும் நிறைய வாசித்தேன். அந்தத் தம்பி கேட்ட இரண்டாவது கேள்வியை முதன்மையாக எடுத்துப் பேசியவர்களை நான் அதிகம் காணவில்லை.

சண்டை எதற்கு?

2011 ஏப்ரல் 17இல் தொடங்கி 2019 மே 19இல் முடிந்த தொடர். எட்டு சீசன், 73 பகுதிகள். கடைசிப் பகுதியை அமெரிக்காவில் மட்டும் அன்று இரவே ஒரு கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள். எட்டாவது சீசனைத் 'திறமையான எழுத்தாளர்களைக்' கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒரு ரசிகர் இணையத்தில் தொடங்கிய மனுவில், கடைசிப் பகுதி வந்த நாட்களில் பத்து லட்சம் பேர் கையெழுத்து வைத்தார்கள். பின்னர் அது பதினெட்டு லட்சத்தைத் தாண்டியது. அதே சீசன் 32 எமி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 12 விருதுகளை வென்றது. சிறந்த நாடகத் தொடர் என்ற விருதும் அதில் ஒன்று. இவ்வளவு பேர் வெறுத்ததும் இவ்வளவு விருது வாங்கியதும் ஒரே சீசன்தான்.

குறை சொன்னவர்களின் முதல் வாதம் அவசரம். முதல் ஆறு சீசனுக்கும் தலா பத்துப் பகுதிகள். ஏழாவதுக்கு ஏழு. எட்டாவதுக்கு ஆறு. இன்னும் எடுக்க எச்பிஓ நிறுவனம் தயாராக இருந்தும், டேவிட் பெனியோஃப், டி.பி. வைஸ் என்ற இரண்டு தயாரிப்பாளர்களும் சுருக்கி முடித்தார்கள். ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்ததோடு நிற்கிறது. கதை புத்தகத்தைத் தாண்டிய பிறகு எழுத்தில் பழைய பிடி இல்லை என்பது உண்மைதான். நாலாவது பகுதியில் விருந்து மேசையில் யாரோ மறந்து வைத்த கோப்பிக் கோப்பை அப்படியே ஒளிபரப்பானது. "ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பையெண்டா நாங்கள் கேஸ் போட்டிருப்பம்" என்று அத்தான் சொன்னார். மூன்றாவது பகுதி இருட்டோ இருட்டு. அவர் ரீவி பழுதாப் போச்சு என்று வயரைக் கழற்றி மாட்டினார்.

மற்றப் பக்கத்தாரின் வாதம்: அவள் திடீரென்று மாறவில்லை. நீங்கள்தான் கவனிக்கவில்லை. மீரீன் நகரில் எஜமானர்கள் 163 பிள்ளைகளைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதற்காக, அவள் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். அதில் யார் குற்றவாளி, யார் இல்லை என்று விசாரிக்கவில்லை. அன்று நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். தோற்ற படையின் தகப்பனையும் மகனையும், மண்டியிட மறுத்ததற்காக உயிரோடு எரித்தாள். அப்போதும் பெரிதாகக் கோபப்படவில்லை. எரிபட்டவர்கள் எங்களுக்குப் பிடிக்காதவர்கள் என்பதால், எரிப்பவளை நாங்கள் நல்லவள் என்றே வைத்திருந்தோம். பிள்ளைகளுக்கு அவளுடைய பட்டப்பெயரான 'கலீசி' என்று நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பெற்றோர் பெயர் வைத்தார்கள்.

இந்த இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. விதை போட்டிருந்தார்கள், பயிரை வளர்க்க நேரம் எடுக்கவில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். ஆனால் இரண்டு பக்கமும் பேசியது ஒரே ஆளைப் பற்றி. அவள் அப்படிச் செய்வாளா, மாட்டாளா? அவளுக்கு இது அநியாயமா, இல்லையா? எரிந்து போனது ஒரு நகரம். வாதம் முழுக்க எரித்தவளின் மனசைப் பற்றியதாகவே இருந்தது.

'வடக்கு' கிடைத்த இரவு

அடுத்த ஞாயிறு மே 19. மறுநாள் விக்டோரியா தின விடுமுறை. ராப்டர்ஸ் அன்றும் விட்டு வைக்கவில்லை. மில்வாக்கிக்கு எதிரான ஆட்டம் இரண்டு தரம் மேலதிக நேரத்துக்குப் போய் 118–112 என்று முடிந்தது. பேஸ்மென்ற் தம்பி வரவில்லை. முதல் நாள் மே 18. முள்ளிவாய்க்காலின் பத்தாம் ஆண்டு. நினைவேந்தலுக்குப் போய்வந்து கீழே படுத்திருக்கிறார் என்று அக்கா சொன்னா.

கடைசிப் பகுதியில் டெனேரிஸை அவள் காதலன் ஜோன் ஸ்னோ குத்திக் கொல்கிறான். டிராகன் அரியணையை உருக்கிவிட்டு அவள் உடலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்து, பழைய டிராகன் கொட்டகையின் இடிபாடுகளில் பிரபுக்களும் பிரபுவீட்டுப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து அடுத்த அரசன் யார் என்று பேசுகிறார்கள். எல்லார் கதையையும் தன்னுள் வைத்திருப்பவன் என்பதால் பிரான் என்ற இளைஞனை டிரியன் முன்மொழிகிறான். ஆளாளுக்கு 'ஓம்' சொல்கிறார்கள்.

அப்போது பிரானின் அக்கா சான்சா எழுந்து, வடக்கு இனி யாருக்கும் கீழே இருக்காது, தனிநாடாகவே இருக்கும் என்கிறாள். தம்பி தலையாட்டுகிறான். அவ்வளவுதான். வடக்குக்குச் சுதந்திரம்.

அக்கா வீட்டில் ஒரு நொடி அமைதி. பிறகு எல்லாரும் ஒன்றாகச் சிரித்தோம். "பாத்தியளோ, கேட்ட உடன குடுத்திட்டாங்கள்!" என்றார் அத்தான். "ஒரு வட்டமேசை, ஒரு கேள்வி, ஒரு தலையாட்டல். ஒப்பந்தம் இல்லை, மாகாணசபை இல்லை." கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மற்ற ரசிகர்களும் இந்த இடத்தில்தான் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். வடக்குக்குக் கொடுத்தால் டோர்னும் இரும்புத் தீவுகளும் ஏன் கேட்கவில்லை? இரும்புத் தீவுகளின் யாராவுக்கு டெனேரிஸ் முன்பே வாக்குக் கொடுத்தவள்தானே? நல்ல கேள்வி. ஆனால் எனக்கு அந்தக் காட்சியில் தைத்தது வேறொன்று. அது சான்சா எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. சாம் என்ற படித்த பையன் தயங்கித் தயங்கி, அரசன் பிரபுக்களை மட்டும் ஆளப்போவதில்லையே, அப்படியென்றால் சனத்தையும் கேட்கலாமே என்கிறான். வட்டத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள். அப்படியென்றால் நாய்க்கும் குதிரைக்கும் ஒரு வாக்குக் கொடுக்கலாமே என்று பகிடி விடுகிறார்கள். சாம் கூனிக்குறுகி உட்கார்ந்துவிடுகிறான்.

அந்தக் கூட்டம் நடக்கும் இடமே எரிந்த நகரம். பத்து லட்சம் பேரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? தொடர் சொல்லவில்லை. யார் புதைத்தது? எங்கே? சொல்லவில்லை. வாளைப் போட்டவர்களை வரிசையாக முழங்காலில் வைத்து வெட்டியவர்களுக்கு என்ன நடந்தது? கப்பலேறிப் போய்விட்டார்கள். அடுத்துப் புதிய அமைச்சரவை கூடுகிறது. டிரியன் கதிரைகளை நேராக அடுக்கி வைக்கிறான். கப்பல், கழிவுநீர், விலைமாதர் விடுதிகளைத் திரும்பக் கட்டுவது என்று பகிடியும் பேச்சுமாகப் போகிறது. நகரத்துச் சனத்தில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

என் பார்வையில் அந்த முடிவின் பெரிய பிழை இதுதான். அரசனாக யார் வந்தாலும் நான் பொறுத்திருப்பேன். எரிந்தவர்களுக்கு அந்த முடிவில் ஒரு கதிரைகூட இல்லை. இதைவிட, அதைச் சொல்ல வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று தொடர் எதிர்பார்க்கிறது.

இளங்கோ எடுத்துக்கொண்ட நேரம்

கோபத்தில் நகரத்தை எரித்த பெண் எங்களுக்குப் புதிதில்லை. கண்ணகியையும் டெனேரிஸையும் ஒப்பிட்டு அன்றைக்கே எங்கள் பொடியள் பகிடிப் படங்கள் போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் பகிடியைத் தாண்டியும் ஒன்று தெரியும்.

கண்ணகி எரிக்க முன் வழக்குரைத்தாள். அவைக்குப் போய், சிலம்பை உடைத்து, பிழை யாருடையது என்று ஊரறியக் காட்டினாள். அரசன் தன் பிழையை ஒத்துக்கொண்டு அங்கேயே உயிரை விட்டான். அதன் பிறகும் அவள் தீயிடம் யாரைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினாள். முதியவர்கள், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், அறவோர், பார்ப்பார், பசு. இந்தப் பட்டியலைப் பற்றி இன்று நாங்கள் ஆயிரம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மதுரையில் எரிந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தின் உச்சத்திலும் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

அதைவிட முக்கியம், இளங்கோ எரித்ததோடு நிறுத்தவில்லை. சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் கடைசி 7, அதாவது வஞ்சிக் காண்டம் முழுவதும், பிறகு என்ன நடந்தது என்பதற்கே. அந்தக் காண்டம் தொடங்குவது அரசர்களிடமிருந்து அல்ல. மலையில் வேங்கை மரத்தடியில் கண்ணகியைப் பார்த்த குன்றக் குறவர்கள்தான் நடந்ததைச் சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். கண்டவர்கள் சொன்னதால்தான் கல் எடுத்தார்கள், கோயில் கட்டினார்கள், காவியமும் வந்தது. வஞ்சிக் காண்டம் பின்னால் சேர்த்தது என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு. அந்த முடிவைப் பற்றிய சண்டையும் இன்னும் முடியவில்லை. ஆனாலும் அந்தக் காண்டம் இல்லாத சிலப்பதிகாரத்தை யோசித்துப் பாருங்கள். மதுரை எரியும், கண்ணகி போய்விடுவாள், திரை விழும். கேம் ஒஃப் த்ரோன்ஸ் ஏறத்தாழ அப்படித்தான் முடிந்தது. 73 பகுதிகளில், நகரம் எரிந்த பிறகு மிஞ்சியது ஒன்றே ஒன்று.

முடிவு பிடிக்காமல் எழுதியவரோடு மல்லுக்கட்டுவதும் எங்களுக்குப் புதிதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து முடிந்தபோது, இப்படி அரைகுறையாக விட்டுவிட்டீர்களே என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். கல்கி அதற்கு ஒரு முடிவுரையே எழுதினார். வாசகர்களின் குறையைச் சொல்லி, சரித்திரக் கதை ஏன் அப்படி முடியும் என்று விளக்கி, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன ஆனது என்றும் ஒவ்வொருவராகச் சொன்னார். 2023இல் மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் முடிவை மாற்றியபோது ஸ்காபரோ, மார்க்கம் திரையரங்கு வாசல்களில் நின்று சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆக, பதினெட்டு லட்சம் கையெழுத்தைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். இத்தனை வருஷம் கூட வந்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. என்ன கேட்கிறோம் என்பதுதான் விஷயம். கல்கியின் வாசகர்கள் கேட்டது, 'பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது' என்று. கீழ்வீட்டுத் தம்பி கேட்டதும் அதையேதான்.

"எல்லாம் எங்கட கதை இல்லை, மாமா"

இதையெல்லாம் நான் சொன்னபோது மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய வாதத்தையும் இங்கே வைக்க வேண்டும். இந்தப் பத்தியை வாசிக்கிற அவள் வயதுக்காரர் பலரும் அதையே நினைக்கக்கூடும்.

"மாமா, மார்ட்டின் இங்கிலாந்துச் சரித்திரத்தைப் பாத்து எழுதினவர். ரோஜாப் போர்கள். அவருக்கு முள்ளிவாய்க்காலும் தெரியாது, கண்ணகியும் தெரியாது. நீங்கள் எதைப் பாத்தாலும் அங்கதான் கொண்டுபோய் முடிக்கிறியள். எனக்கு ஒரு கதையைக் கதையாப் பாக்க ஏலாதா? டிராகனுக்காகப் பாக்கக் கூடாதா?"

பார்க்கலாம். அவள் சொன்னதில் பிழையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளின் ஒவ்வொரு சந்தோஷத்துக்குள்ளும் எங்கள் துக்கத்தைத் திணிப்பது ஒரு வகை அநியாயம்தான். டெனேரிஸை அவளுக்குப் பிடித்ததற்கு அவளுக்கென்று காரணம் இருந்தது. யாருடைய தயவும் இல்லாமல் நிற்கிற ஒரு பெண்ணை அவள் பதின்மூன்று வயதில் திரையில் கண்டாள். கடைசியில் அவளையும் 'கோபத்தில் புத்தி கெட்ட பெண்' ஆக்கிப் போட்டார்கள் என்பது அவள் ஆத்திரம். பல பெண்கள் அதையே எழுதினார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

ஆனால் அவளுக்கு நான் ஒன்றை நினைவுபடுத்தினேன். 2009 மே 10, அதுவும் அன்னையர் தினம், அதுவும் ஞாயிறு. அன்று மாலை ஆயிரக்கணக்கான தமிழர்கள், பிள்ளைகளையும் தள்ளுவண்டிகளையும் கொண்டு, கார்டினர் அதிவேக வீதியில் ஏறி உட்கார்ந்தார்கள். அக்காவும் போனா. இவளும் போனாள், அத்தானின் தோளில் அரைத் தூக்கத்தில். நள்ளிரவு வரை வீதி மூடிக் கிடந்தது. அடுத்த நாள் வானொலியிலும் வேலையிடங்களிலும் பேச்சு எதைப் பற்றி? வீதியை மறித்தது சரியா, பிழையா. பிள்ளைகளைக் கொண்டுபோனது சரியா, பிழையா. எவ்வளவு நேரம் போக்குவரத்து நின்றது. அந்த நேரத்தில் அங்கே கடற்கரையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்த வீதியில் ஏறினார்கள். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பேசப்பட்டது.

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றாள்.

"ஒண்டுமில்லை. ஆரைப் பற்றிக் கதைக்காமல் விடுறம் எண்டதைப் பாக்கப் பழகினா, கதையிலயும் தெரியும், செய்தியிலயும் தெரியும். அவ்வளவுதான்."

அவள் பதில் சொல்லவில்லை. ஃபோனைப் பார்க்கத் தொடங்கினாள். வாதத்தில் நான் வென்றேன் என்று சொல்ல முடியாது.

இந்த வருஷ நீள விடுமுறை

இதெல்லாம் நடந்து வருஷங்கள் போய்விட்டன. அதே உலகத்தை வைத்து 2022இல் 'ஹவுஸ் ஒஃப் த டிராகன்' வந்தது. மருமகள் இப்போது வேலைக்குப் போகிறாள். பேஸ்மென்ற் தம்பி கல்யாணம் முடித்து ஏஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார். ஒரு மகள் இருக்கிறாள். இந்த விக்டோரியா தின விடுமுறைக்கு எல்லாரும் அக்கா வீட்டில் கூடினோம். மருமகள் தொடரை முதலில் இருந்து திரும்பப் பார்த்து, கடைசி இரண்டு பகுதியையும் எங்களோடு பார்க்க வைத்திருந்தாள். "இப்ப பாத்தா அவ்வளவு மோசமில்லை, மாமா. முதலே எல்லாம் சொல்லித்தான் இருக்கிறாங்கள்" என்றாள். அவளும் பக்கம் மாறியிருந்தாள்.

மணி அடிக்கிற இடம் வந்தபோது அவள் நிறுத்தி, தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, இதைத் தாண்டிப் போகவா?"

"இல்லை, விடு. ஓடட்டும்."

முழுவதும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பகுதியில் வட்டமாக உட்கார்ந்து, சாம் எழும்பிக் கேட்டு, அவர்கள் சிரிக்கிற இடத்தில் மருமகள் மறுபடி நிறுத்தினாள். திரையில் சிரித்த முகங்கள் அப்படியே உறைந்து நின்றன.

"அண்ணா, நீங்கள் அந்தக் கூட்டத்தில இருந்தா ஆரை ராசாவாச் சொல்லுவியள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ராசாவை ஆறுதலாத் தெரியலாம். முதல்ல எத்தனை பேர் செத்தது எண்டு எண்ணச் சொல்லுவன். பேரோட."

முள்ளிவாய்க்காலில் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு 2011இல் சொன்னது. அதைவிடக் கூட என்றவர்கள் இருக்கிறார்கள், குறைவு என்றவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரு எண் இன்றுவரை இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் 2017 பெப்ரவரியில் போராடத் தொடங்கிய தாய்மார், தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்டார்கள். பதில் கேட்டுக் கேட்டே பலர் செத்தும் போனார்கள்.

மருமகள் ரிமோட்டை மேசையில் வைத்தாள். மிச்சத்தை ஓடவிடவில்லை. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா.

"உங்கட ஆக்கள் எத்தனை பேர், அண்ணா?" என்று மருமகள் கேட்டாள்.

எத்தனையோ வருஷம் எங்கள் காலுக்குக் கீழே குடியிருந்த மனிதர். வாடகை கேட்டிருக்கிறோம், இரவு வேலை எப்படிப் போகுது என்று கேட்டிருக்கிறோம், பனி தள்ள உதவி கேட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தன் பெரியக்காவின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.